ஹக்கும் கணக்கும்: மஹ்பூபுல் ஹக்கின் எழுத்துக்கள் பற்றி ஒரு மதிப்பீடு

தம் கருத்தைத் தாமே மறுத்து நூல் எழுதும் துணிவு எல்லா அறிஞர்க்கும் வாய்ப்பதில்லை. பிழை செய்துவிட்டோம் என்று தனியறையில் நண்பரிடம் ஒப்புக்கொள்வோர் பலர் உண்டு. அதனையே அச்சிலேற்றி ஊரறியச் செய்வோர் மிக அரியர். மர்ஹூம் டாக்டர் மஹ்பூபுல் ஹக் அத்தகைய அரியவருள் ஒருவர். 1934இல் ஜம்முவில் பிறந்து, பிரிவினையின் குருதி வெள்ளத்தைச் சிறுவயதிலேயே கண்டு, லாகூரில் பயின்று, 1953இல் கேம்பிரிட்ஜுக்குச் சென்றவர். அங்கு அவருக்கு வாய்த்த தோழர் அமர்த்தியா சென். இவ்விருவரின் நட்பும் பிணக்கும் பிற்காலத்தில் உலகின் வறுமைக் கணக்கையே மாற்றி எழுதின.

ஹக்கின் எழுத்துக்களை ஒருசேர வைத்துப் படிக்கும் எவர்க்கும் முதலில் வியப்பும், பின்னர் ஒருவகை மனத்தாங்கலும் தோன்றாமற் போகா. வியப்பிற்குக் காரணம் அவரது நேர்மை. மனத்தாங்கலுக்குக் காரணம், அந்நேர்மை ஓரிடத்தில் வந்து நின்றுவிடுவது. அவ்விடம் எதுவென்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1963இல் அவர் எழுதிய முதல் நூல் பாகிஸ்தானின் பொருளாதாரத் திட்டமிடலைப் பற்றியது. அப்போது அவருக்கு வயது முப்பதுகூட நிரம்பவில்லை. வறிய நாடுகள் வளர்ச்சியையே தம் தத்துவமாக ஏற்க வேண்டும், பங்கீட்டு நீதி, மக்கள் நல அரசு என்பனவற்றையெல்லாம் தொலைவான எதிர்காலத்துக்கு ஒத்திவைக்க வேண்டும் என்பது அந்நூலின் துணிபு. செல்வர் மேலும் செல்வராவது தொடக்கத்தில் தவிர்க்கவியலாதது மட்டுமன்று, பயனுடையதுமாம்! செல்வர் சேமிப்பார், சேமிப்பு முதலீடாகும், முதலீடு ஆலையாகும், ஆலை ஒருநாள் ஏழைக்குச் சோறாகும் என்பது வாதம். ஏழை அந்த ஒருநாள்வரை உயிரோடிருப்பானா என்ற வினா அந்நூலில் எழவில்லை. இன்று படிக்கும்போது, அதன் நடையில் உள்ள உறுதிப்பாடே நம்மை அச்சுறுத்துகிறது. ஐயம் தோய்ந்த ஒரு வாக்கியமேனும் இருக்காதா என்று மனம் தேடுகிறது.

ஐயம் ஐந்தாண்டுகளில் வந்தது. 1968 ஏப்ரலில் கராச்சியில் ஒரு கூட்டத்தில் அவர் ஆற்றிய உரை பாகிஸ்தானின் வரலாற்றிலேயே ஒரு திருப்பம் எனலாம். அரசின் திட்டக் குழுவில் தலைமைப் பொருளியலாளராயிருந்த அவரே எழுந்து நின்று, நாட்டின் தொழில் மூலதனத்தில் மூன்றில் இரண்டு பங்கும், வங்கித் துறையில் ஐந்தில் நான்கு பங்கும் இருபத்திரண்டு குடும்பங்களின் கையில் அடங்கிவிட்டன என்று அறிவித்தார். அயூப்கானின் ஆட்சி தன் பத்தாண்டு வளர்ச்சியை விழாவெடுத்துக் கொண்டாடிய அதே ஆண்டு அது. அந்த வளர்ச்சிக்கு வெளிநாட்டு உதவியும், ஹார்வர்டிலிருந்து வந்த ஆலோசகர்களும் துணைநின்றனர் என்பதையும் இங்கே நினைவுகொள்ள வேண்டும். பாகிஸ்தான் அந்நாளில் உதவி வழங்கும் நாடுகளின் செல்லப்பிள்ளை. ‘இருபத்திரண்டு குடும்பங்கள்’ என்ற தொடர் தெருமுனைக் கூட்டங்களில் முழக்கமாயிற்று. 1969 மார்ச்சில் அயூப்கான் பதவி இழந்தார். சணல் விற்ற பணம் மேற்கே போகிறது என்று குமுறிய கிழக்குப் பாகிஸ்தான் 1971இல் பிரிந்தே போயிற்று. புள்ளிவிவரம் என்பது உயிரற்ற பொருள் என்று நினைப்பவர்கள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

ஹக் 1970இல் உலக வங்கிக்குச் சென்றார். அங்கே மக்னமாராவின் அருகிருந்து வங்கியின் கவனத்தை வறுமையின் பக்கம் திருப்பியவருள் முதன்மையானவர் அவர். அங்கிருந்தவாறே 1976இல் அவர் வெளியிட்ட நூல்தான் ‘வறுமைத் திரை’. அவருடைய நூல்களுள் இதையே நான் தலைசிறந்ததாகக் கருதுகிறேன். இதன் தொடக்கப் பகுதி ஒரு தன்வரலாறு போலவே அமைந்திருக்கிறது. தாம் எதை நம்பினோம், எங்கே தவறினோம் என்பதை மறைவின்றிச் சொல்கிறார். திட்டமிடுவோரின் ஏழு பாவங்கள் என்று அவர் பட்டியலிடும் அதிகாரம் நகைச்சுவையும் வேதனையும் கலந்தது. எண்களோடு விளையாடுவது ஒரு பாவம். புதிது புதிதாக வரும் வளர்ச்சி நாகரிகங்களின் பின்னால் ஓடுவது மற்றொன்று. நீதியற்ற வளர்ச்சியை ஏற்பதும் அப்பட்டியலில் இடம்பெறுகிறது. அதுவே அவர் தாமே 1963இல் செய்த பாவம். மொத்த உற்பத்தியைக் கவனித்தால் வறுமை தானே நீங்கும் என்று தமக்குக் கற்பிக்கப்பட்டதைத் தலைகீழாக்கி, வறுமையைக் கவனியுங்கள், உற்பத்தி தன்னைத்தானே கவனித்துக்கொள்ளும் என்கிறார். பொருளியல் நூல்களில் இத்தகைய சுவையான நடை அரிது. வாய்ப்பாட்டைத் திருப்பிப்போட்டுச் சிந்திக்கும் பழக்கம் அவருக்குக் கைவந்த கலை. சில இடங்களில் அது வெறும் சொல்லழகாக நின்றுவிடுவதும் உண்டு.

இந்நூலின் உயிர்நாடி உதவியைப் பற்றிய பகுதி. செல்வ நாடுகள் ஏழை நாடுகளுக்குத் தரும் உதவி மனமிரங்கித் தருவதாக இருக்கும்வரை அது நிலையற்றதாகவே இருக்கும். கொடுப்பவர் மனம் மாறினால் நின்றுவிடும், கொடுப்பவர் பகை நட்பு பார்த்தே பகிரும். ஆகவே உதவியைத் தானம் என்ற நிலையிலிருந்து கடப்பாடு என்ற நிலைக்கு, ஒரு நாட்டினுள் செல்வர் செலுத்தும் வரியைப் போன்ற நிலைக்கு உயர்த்த வேண்டும் என்று அவர் வாதிடுகிறார். அதற்கும் மேலாக, ஏழை நாடுகள் கேட்க வேண்டியது சம வாய்ப்பையே என்கிறார். தொழிலாளர்கள் சங்கம் அமைத்துக் கூலி பேசியது போல ஏழை நாடுகளும் ஒன்றுகூடிப் பேச வேண்டும் என்பது அவர் காட்டும் வழி.

நம் வீடுகளில் ‘ஹக்கு’ என்ற சொல் புழங்குவதை வாசகர் அறிவர். “அது அவனுடைய ஹக்கு, கொடுத்துவிடு” என்று நம் தாய்மார் சொல்லும்போது அதில் இரக்கத்துக்கு இடமில்லை. ஸக்காத்தை ஏழையின் ஹக்கு என்கிறோம். ஸதகாவை அப்படிச் சொல்வதில்லை. நூலாசிரியரின் பெயரிலேயே அச்சொல் இருப்பது தற்செயல்தான். என்றாலும் அவர் பன்னாட்டு உதவியைப் பற்றிச் சொல்ல வந்ததை நம் வழக்கில் ஒரே வரியில் சொல்லிவிடலாம்: உலகம் ஸதகாவாகக் கொடுத்து வருவதை ஹக்காகக் கொடுக்க வேண்டும் என்பது. 1970 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, செல்வ நாடுகள் தம் தேசிய வருவாயில் 0.7 விழுக்காட்டை உதவியாக அளிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. சுவீடனும் நெதர்லாந்தும் நார்வேயும் டென்மார்க்கும் அந்த எழுபதுகளிலேயே அதை எட்டின. அமெரிக்கா ஒருநாளும் எட்டவில்லை. ஹக்கு என்று எவரும் ஏற்காத கடனுக்கு நேரக்கூடிய கதி இதுதான்.

இனி மனத்தாங்கலுக்கு வருவோம். ‘வறுமைத் திரை’ முழுவதும் ஹக்கு பேசப்படுகிறது. ஆயின் யாருடைய ஹக்கு? அந்நூலில் உரிமை கேட்பவை நாடுகள். வாஷிங்டனில் மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவர் ஒரு நாட்டின் நிதியமைச்சர். அவருடைய நாட்டில் சிறையிலிருப்பவனோ, நிலத்திலிருந்து துரத்தப்பட்டவனோ அந்த மேசைக்கு அருகில் இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் சீனத்தின் சாதனைகளைக் கண்டு ஹக் வியந்தார். குறைந்த வருவாயிலும் அனைவர்க்கும் உணவும் வேலையும் கிடைக்கச் செய்துவிட்டனர் என்று போற்றினார். அதே சீனத்தில் 1959 முதல் 1961 வரை நேர்ந்த பஞ்சத்தில் கோடிக்கணக்கானோர் மாண்டது அன்று வெளியுலகுக்கு முழுமையாகத் தெரியாது என்று அவருக்காகச் சமாதானம் சொல்லலாம். ஆனால் ஏன் தெரியாமற்போனது என்பதல்லவா கேள்வி? தோழர் சென் பிற்பாடு அதற்கு விடை சொன்னார். பத்திரிகைச் சுதந்திரமும் தேர்தலும் இயங்குகிற நாட்டில் பெரும்பஞ்சம் நேர்வதில்லை என்பது அவரது முடிபு. சோற்றுக்கும் சொல்லுக்கும் உள்ள இந்தத் தொடர்பு ஹக்கின் 1976ஆம் ஆண்டு நூலில் இல்லை.

உலக வங்கிக்கு இதில் ஒரு வசதியும் இருந்தது. பொருளாதாரக் காரணங்களையன்றி அரசியலைக் கருதிக் கடன் தரலாகாது என்பது அதன் சாசன விதி. அந்த விதியைக் காட்டி, உரிமை மீறல்களைப் பற்றிப் பேச மறுத்தனர். ஆனால் சிலியில் அயெந்தே ஆட்சியிலிருந்த 1970 முதல் 1973 வரை புதுக்கடன் எதுவும் போகவில்லை. பினோசெ ஆட்சியைக் கைப்பற்றிய பிறகு மீண்டும் போயிற்று. அமெரிக்காவோ 1975இலேயே, மனித உரிமைகளைத் தொடர்ந்து கொடூரமாக மீறும் அரசுகளுக்கு, ஏழைகளை நேரே சென்றடையும் உதவி நீங்கலாக, வளர்ச்சி உதவி தரலாகாது என்று சட்டம் இயற்றிக்கொண்டது. சட்டம் ஏட்டிலிருந்தது. 1979 ஏப்ரலில் அணு முயற்சியின் பேரால் பாகிஸ்தானுக்கு உதவியை நிறுத்திய அதே அமெரிக்கா, ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்த பின்பு 1981இல் 320 கோடி டாலர் தர முன்வந்தது. பாகிஸ்தானில் அப்போது இராணுவச் சட்டம் நடந்துகொண்டிருந்தது. அதனால் தடையேதும் ஏற்படவில்லை.

அந்த அரசில்தான் 1982இல் ஹக் போய்ச் சேர்ந்தார். 1988வரை ஜியாவுல் ஹக்கின் ஆட்சியில் திட்டம், நிதி ஆகிய பொறுப்புகளில் அமைச்சராயிருந்தார். தாயகத்துக்குத் திரும்பிப் பணிசெய்ய விரும்பிய ஒரு மனிதரை நாம் எளிதில் பழித்துவிட முடியாது. அமைச்சரவைக்குள் இருந்துகொண்டு கல்விக்கும் நலவாழ்வுக்கும் பணம் கேட்டுப் போராடியவர் அவர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவருடைய எழுத்தை மதிப்பிடுகிறவன் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். எண்களை வெளியிட்டு ஒரு சர்வாதிகாரியின் ஆட்சியை அசைத்தவர், மற்றொரு சர்வாதிகாரியின் மேசையில் எண்களைக் கூட்டிக்கொண்டிருந்ததில் எதைக் கற்றார்? அதற்குரிய ‘வறுமைத் திரை’ ஒன்றை, தம் பிழையைத் தாமே சொல்லும் அந்த இரண்டாம் நூலை, அவரிடமிருந்து நான் எதிர்பார்த்தேன்.

1989இல் அவர் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்துக்குச் சென்றதும், 1990 மே மாதத்தில் முதல் மனித மேம்பாட்டு அறிக்கை வெளிவந்ததும் பலரும் அறிந்தது. ஆயுள், கல்வி, வருவாய் ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாக்கிய குறியீடு அதில்தான் பிறந்தது. மனித வாழ்வை ஒற்றை எண்ணில் அடைப்பது முரட்டுத்தனம் என்று சென் தொடக்கத்தில் தயங்கினார். தேசிய உற்பத்தி என்ற எண்ணைப் போலவே முரடான, ஆனால் அதைப்போலக் குருடாக இல்லாத ஒன்று வேண்டும் என்று ஹக் அவரை இணங்கச் செய்தார். இதை சென்னே பின்னர் எழுதியிருக்கிறார். முரட்டுத்தனத்தைத் தெரிந்தே தேர்ந்தெடுத்த இந்த மதிநுட்பத்தைப் பாராட்டாமல் இருக்க முடியாது. தலையங்கம் எழுதுகிறவருக்கும் நாடாளுமன்றத்தில் பேசுகிறவருக்கும் கையில் பிடிக்க ஒரு கைப்பிடி கிடைத்தது.

அந்த முதல் அறிக்கை தன் வாதத்துக்கு எடுத்துக்காட்டிய மூன்று நாடுகளைப் பாருங்கள். ஆள்வீத வருவாய் 400 டாலரே உள்ள இலங்கையில் மக்களின் சராசரி ஆயுள் 71, எழுத்தறிவு 87 விழுக்காடு. 2,000 டாலர் வருவாயுள்ள பிரேசிலில் ஆயுள் 65, எழுத்தறிவு 78. 6,200 டாலர் வருவாயுள்ள சவூதி அரேபியாவில் ஆயுள் 64, எழுத்தறிவு 55. பணம் இருந்தால் எல்லாம் வந்துவிடும் என்பாருக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது. சவூதியைப் பற்றி ஒரு சொல். அந்த 6,200 டாலரை உண்டாக்கியவர்களுள் கடல் கடந்து போன நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. கடவுச்சீட்டை முதலாளியிடம் ஒப்படைத்துவிட்டு உழைத்த அவர்களின் உரிமை எந்தப் பத்தியிலும் இல்லை. புலம்பெயர் தொழிலாளர் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கை அதே 1990இன் டிசம்பரில் நிறைவேறியது. அதை வளைகுடா நாடுகள் ஏற்கவில்லை. பிள்ளைகளை அனுப்பிவைக்கும் இந்தியாவும் ஏற்கவில்லை.

இலங்கைக்கு வருவோம். நம் இதயம் அதிகம் தங்கும் இடம் அது. 71, 87 என்ற அந்த எண்கள் பொய்யல்ல. இலவசக் கல்வியும் இலவச மருத்துவமும் மானிய அரிசியும் பல பத்தாண்டுகளாக அந்நாட்டு மக்கள் வாக்குச் சீட்டின் வலிமையால் பெற்றவை. ஆனால் அறிக்கை அந்நாட்டைப் புகழ்ந்தபோது அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது? 1983 ஜூலையில் கொழும்பில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்து ஏழாண்டுகளாகப் போர் மூண்டிருந்தது. தென்னிலங்கையில் எண்பதுகளின் இறுதியில் எழுத்தறிந்த சிங்கள இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் காணாமற்போயினர். அறிக்கை வெளிவந்த ஐந்தே மாதங்களில், 1990 அக்டோபரில், வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். அக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். ஏறத்தாழ எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடு, நிலம், கடை, நகை அனைத்தையும் விட்டு வெளியேறினர். அவர்களுள் பெரும்பகுதியினர் புத்தளத்துக் கொட்டில்களில் தங்கினர். ஆசிரியர்கள் இருந்தனர், மாணவர்கள் இருந்தனர். எழுத்தறிவுக் கணக்கில் அவர்கள் அனைவரும் இருந்தனர். யாழ்ப்பாணத்து ஒஸ்மானியாவில் படித்த பிள்ளை புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்தாலும் எழுத்தறிந்த பிள்ளைதானே! குறியீட்டின் கண்ணில் அவனுக்கு நேர்ந்தது ஒன்றுமில்லை.

ஹக்கின் சார்பில் பேசுவோர், அறிக்கை இதை மறைக்கவில்லை என்பர். அது உண்மை. மனித மேம்பாடு என்பதில் அரசியல் சுதந்திரமும் மனித உரிமையும் தன்மதிப்பும் அடங்கும் என்று முதல் அறிக்கையே கூறுகிறது. அளக்கும் முறை கைவராததால் குறியீட்டில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறது. ஆனால் புத்தகம் சொல்வது ஒன்று, உலகம் எடுத்துக்கொண்டு போவது மற்றொன்று. உலகம் எடுத்துக்கொண்டு போனது அந்த எண்ணை. இது நடக்கும் என்று தெரிந்துதான் அவர் முரடான எண் வேண்டுமென்று சென்னிடம் வாதாடினார். ஆகவே எண்ணில் விடுபட்டதற்கும் அவரே பொறுப்பு.

விடுபட்டதைச் சேர்க்க அவர் முயலவும் செய்தார். 1991 அறிக்கையில் மனித சுதந்திரக் குறியீடு ஒன்றை வெளியிட்டார். பிரிட்டனைச் சேர்ந்த சார்லஸ் ஹ்யூமனா தொகுத்த ஒரு கையேட்டிலிருந்து, நாற்பது அளவைகளைக் கொண்டு, 1985ஆம் ஆண்டு நிலையை வைத்து 88 நாடுகள் வரிசைப்படுத்தப்பட்டன. சுவீடனும் டென்மார்க்கும் முதலிலும் ஈராக் கடைசியிலும் நின்றன. வளரும் நாடுகளின் அரசுகள் கொதித்தெழுந்தன. ஒரு தனிமனிதர் தொகுத்த நூலை நம்பி ஐ.நா. அமைப்பு எங்களைத் தரம் பிரிப்பதா என்றன. நூலின் அடிப்படை மெலிதானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஐந்தாறு ஆண்டுப் பழைய செய்தியை வைத்து நாடுகளுக்கு மதிப்பெண் இட்டதும் முறையன்று. ஆனால் கொதித்தெழுந்த அரசுகள், திருத்தமான வேறொரு அளவையைக் கேட்கவில்லை. அளவையே வேண்டாம் என்றன. 1992இல் நாட்டின் பெயர் சுட்டாமல் அரசியல் சுதந்திரம் பற்றி ஒரு முயற்சி செய்யப்பட்டது. அத்தோடு அது கைவிடப்பட்டது. 1976இல் நாடுகளின் ஹக்கைக் கேட்ட அதே மனிதர், 1991இல் மனிதர்களின் ஹக்கைக் கேட்டபோது நாடுகளே அவர் வாயை அடைத்தன. அவருடைய வாழ்க்கையில் இதைவிடப் பொருள் நிறைந்த நிகழ்ச்சி இல்லையென்பேன். இதைப் பற்றி அவர் விரித்து ஒரு நூல் எழுதியிருக்கலாம்.

அதற்குப் பதில் அவர் மீண்டும் பணத்தின் கணக்குக்கே திரும்பினார். அதிலும் அவரது கூர்மை குறையவில்லை. 1994 அறிக்கை உதவியின் முகமூடியைக் கழற்றியது. உலகின் மிக வறியோரில் மூன்றில் இரண்டு பங்கினர் வாழும் பத்து நாடுகளுக்குக் கிடைத்தது மொத்த உதவியில் 32 விழுக்காடே. இருதரப்பு உதவியில் அடிப்படைக் கல்வி, தொடக்க மருத்துவம், குடிநீர் முதலியவற்றுக்குச் சென்றது 7 விழுக்காடு. படைக்கு மிகுதியாகச் செலவிடும் அரசுகளுக்கு ஆள்வீதம் மிகுதியான உதவி. இவ்வெண்களைப் படித்த பிறகு உதவி என்ற சொல்லையே வேறு கண்ணோடுதான் பார்க்க வேண்டியிருக்கிறது. இதற்கு அவர் காட்டிய வழி ‘இருபதுக்கு இருபது’. உதவி தருவோர் தம் உதவியில் 20 விழுக்காட்டையும், பெறுவோர் தம் வரவு செலவுத் திட்டத்தில் 20 விழுக்காட்டையும் மக்களின் அடிப்படைத் தேவைக்கு ஒதுக்குவது. 1995 மார்ச்சில் கோபன்ஹேகனில் கூடிய உலக சமூக மாநாடு, விருப்பமுள்ள நாடுகள் தமக்குள் செய்துகொள்ளலாம் என்ற அளவில் அதை ஏற்றது. விருப்பம்! மறுபடியும் ஸதகா.

இருபதுக்கு இருபதில் நான் காணும் குறை வேறு. ஒதுக்கிய பணத்தில் பள்ளிக்கூடம் கட்டப்படவில்லையானால் அந்த ஊர்க்காரன் யாரிடம் போய்க் கேட்பான்? ஏற்பாடு முழுவதும் இரண்டு கருவூலங்களுக்கு இடையில் நடக்கிறது. நருமதை மக்கள் இந்த வாசலை வேறு வழியில் திறந்தனர். சர்தார் சரோவர் அணைக்கு உலக வங்கி 1985இல் 45 கோடி டாலர் தர ஒப்பியது. வீடிழந்தோரின் போராட்டத்தால் வங்கியே பிராட்போர்ட் மோர்ஸ் தலைமையில் ஒரு தனிக்குழுவை அமைக்க நேர்ந்தது. 1992இல் அக்குழு மறுவாழ்வு ஏற்பாடுகளைக் கண்டித்து அறிக்கை தந்தது. 1993இல் எஞ்சிய கடன் வேண்டாமென்று இந்திய அரசே சொல்லிவிட்டது. அணை நிற்கவில்லை. ஆனால் அதே 1993இல், பாதிக்கப்பட்ட மக்களில் இருவர் சேர்ந்தாலும் நேரே வங்கியிடம் முறையிடத்தக்க ஒரு விசாரணைக் குழுவை வங்கி ஏற்படுத்தியது. அக்குழுவால் இழப்பீடு வழங்க முடியாது. ஆயினும் கடன் கொடுத்தவனை, கடன் வாங்கிய அரசைத் தாண்டிக் கேள்வி கேட்கும் வழி குடிமகனுக்கு முதன்முறையாகக் கிடைத்தது. ஹக்கின் எழுத்துக்களில் நான் தேடிய ஆள் இவன்தான்.

அவர் 1998 ஜூலை 16இல் நியூயார்க்கில் காலமானார். அவர் தொடங்கிய அறிக்கை வரிசை 2000ஆம் ஆண்டில் மனித உரிமையையே தன் தலைப்பாகக் கொண்டு வெளிவந்தது. 2010 முதல் ஏற்றத்தாழ்வையும் கணக்கில் சேர்க்கும் குறியீடு வருகிறது. உதவியின் நிலையோ அவர் 1976இல் அஞ்சியது போலவே இருக்கிறது. அமெரிக்காவின் உதவி நிறுவனமான யு.எஸ்.எய்ட் 2025 ஜூலை 1ஆம் நாளோடு தன் வெளிநாட்டு உதவிப் பணியை முடித்துக்கொண்டது. அதனிடம் மருந்து பெற்றுவந்த நோயாளி எந்த நாட்டிலும் எந்த மன்றத்திலும் அதை எதிர்த்து வழக்காட முடியவில்லை, அது அவனுடைய ஹக்கு என்று எங்கும் எழுதப்படாததால்.

இளைஞர்கள் எவரேனும் ஹக்கைப் படிக்கத் தொடங்குவதானால், ஆண்டறிக்கைகளிலிருந்து தொடங்க வேண்டாம் என்று சொல்வேன். 1963ஆம் ஆண்டு நூலையும் ‘வறுமைத் திரை’யையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். பிறகு 1990, 1991 அறிக்கைகளை எடுத்துக்கொண்டு, முன்னதில் இலங்கை இருக்கும் பக்கத்தையும் பின்னதில் 88 நாடுகளின் பட்டியலையும் அருகருகே திறந்து வையுங்கள்.